முடக்கில் ஒரு கல்

குண்டடத்துக்குத் தெற்கே தார் ரோட்டை விட்டு இறங்கி, காற்றாலைகளுக்கு நடுவே போகும் மண்தடத்தில் சாரதாமணி ஜீப்பைத் திருப்பியபோது பகல் இரண்டு மணி. சித்திரை மாத வெயில் காட்டை வெள்ளையாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. செம்பூத்துக் கரடு என்கிற மொட்டைக் குன்றின் அடிவாரத்தில் ஒற்றை வேலமரம் நின்றது. அதன் நிழல் ஒரு பாய் அளவுக்குத்தான் இருந்தது. அந்த நிழலில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தாள்.

அணைத்ததும் காற்றாலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. வூப்... வூப்... என்று தலைக்கு மேலே யாரோ பெரிய போர்வையை உதறி உதறி மடிப்பது போல.

வண்டியின் பின்பக்கம் எட்டு கேன் தண்ணீர். எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தாள். காலையில் தங்கள் பனியன் கம்பெனியில் அவள் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கட்டிங் மாஸ்டர் மகுடேஸ்வரன் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க்கா, நீங்க ஜீப்பை ஓட்டறீங்களா, ஜீப்பு உங்களை ஓட்டுதா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டு, தானே இரண்டு கேனைத் தூக்கி வைத்தான். "கரட்டுக்கா போறீங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

கரட்டு உச்சியில் ஒரு சின்னக் குழந்தைவேலர் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி. அவள் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த ஜீப்பில் தண்ணீர் கொண்டுபோய் அந்தத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். "மயிலுக்குத் தண்ணி வெக்காம மயில்வாகனனைக் கும்பிட்டா, அவரு மூஞ்சியை அக்கட்டால திருப்பிக்குவாரு மணி" என்பார். மூன்று தையல் லைன் ஓடும் பனியன் கம்பெனியில் ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேல் அவர் யாருக்கும் கிடைக்கமாட்டார்.

அவர் போய் இரண்டு வருடம். தொட்டி காய்ந்து இரண்டு வருடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பெரிய பெரிய வண்டிகளில் ஆட்கள் வந்து இந்தக் கரட்டில் ஏறி இறங்கி விளையாடிவிட்டுப் போகிறார்கள். தடம் முழங்கால் ஆழத்துக்குக் குழிந்து போயிருந்தது. வழியெல்லாம் காலித் தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மயிலுக்குத் தாகம் எடுக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் பூசாரி அப்புசாமி போன் செய்திருந்தார். உதவி கேட்டு அல்ல. சும்மா சொன்னார். "அம்மிணி, நேத்து ரெண்டு மயிலு தொட்டிக்குள்ள தலையை வெச்சபடியே செத்துக் கெடந்துச்சுங்க. இன்னும் தண்ணி இருக்கும்னு நெனச்சே வந்திருக்குதுங்க போல."

அந்த 'இன்னும்' என்ற சொல் அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

சாரதாமணி இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினாள். அதைப் பூட்டினால்தான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். காங்கேயத்து மெக்கானிக் நூருல்லா சொல்லிக் கொடுத்தது. இடதுபக்க ஹப்பையும் முடித்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருந்தது.

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கல் தள்ளுவதை அண்டை கொடுப்பது என்பார்கள். அவர் ஓட்டும்போது அது அவளுடைய வேலை. வண்டி திணறி நின்றால் ஓடிப்போய்க் கல்லை வைப்பாள். வண்டி கிளம்பினால் அதே கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். ஆனால் இன்றைக்கு அவள் எந்தக் கல்லையும் வைக்கவில்லை.

'ஆடு மேய்க்கறவங்க போட்டு வெச்சதா இருக்கும். அதும்மேல வந்து நாமதான் நிறுத்தியிருப்போம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கல்லை எடுத்தாள்.

மேல்பக்கம் வெயிலில் சுட்டது.

அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. நாலு மாதமாக ஒரு சொட்டு மழை விழாத மண்ணில்.

கல்லை வேலமரத்தடியில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வேலமரத்துக்கு அப்பால், மேற்கே, கணவாய்ப் பக்கமிருந்து ஒரு தவிட்டு நிற மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இரண்டாவது லீவரை லோவில் தள்ளினாள்.

ஜீப் முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தது.

கரட்டில் தடம் ஒடித்துத் திரும்பும் மூன்று முடக்குகள் உண்டு. முதல் இரண்டும் சாதாரணம். மூன்றாவதுக்கு ஓணான் முடக்கு என்று பேர். அங்கே வண்டி ஒரே வீச்சில் திரும்பாது. பாறை விளிம்பு வரைக்கும் முன்னால் போய் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்துத் திருப்ப வேண்டும். விளிம்புக்குக் கீழே நாற்பதடி ஆழம். ஓட்டுகிறவருக்கு பானெட்டுக்கு அப்பால் வானம்தான் தெரியும், தரை தெரியாது. அதனால் அவள் வீட்டுக்காரர் விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு பெரிய கல்லைப் போட்டு வைத்திருந்தார். முன்சக்கரம் கல்லில் முட்டினால் நிற்க வேண்டும். தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படட்டும் என்று, கம்பெனியில் அந்த வாரம் என்ன கலர் ஓடுகிறதோ அந்தக் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு கீற்றைக் கிழித்து வந்து கல்லில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டுவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே சித்திரையில், இதே நேரத்தில் திடீரென்று கோடை மழை பிடித்தது. முடக்குக்கு வந்து பார்த்தால் கல்லைக் காணவில்லை. முந்தின நாள் மழையில் உருண்டு போயிருக்க வேண்டும்.

"கல்லைக் காணோமுங்க. வேற ஒண்ணு தேடிப் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

"மழையில எங்கே போய்த் தேடுவே? நீயே எறங்கிப் பார்த்துச் சொல்லு மணி. உன்ற வாய் போதாதா எனக்கு?" என்று அவர் சிரித்தார்.

அவள் இறங்கி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு விளிம்போரமாக ஒதுங்கி நின்றாள். மழை. என்ஜின் இரைச்சல். அவள் கத்தினாள்: "போங்க... போங்க... போங்க..." சக்கரம் விளிம்பை நெருங்கியது. அவள் கத்தினாள்: "போதுங்க!"

வண்டி நிற்காமல் போனது.

ஜனங்கள் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் நொறுங்கிய ஜீப்பை எடுத்துப்போய் ஆறு மாதம் பாடுபட்டுச் சரிசெய்த நூருல்லா, சாவியை அவள் கையில் கொடுக்கும்போது நிலத்தைப் பார்த்தபடி நின்றார். "பிரேக்கைத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டனுங்க அம்மிணி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆரு கேட்டாலும் பிரேக்குன்னே இருக்கட்டுமுங்க" என்றார். அந்த நல்ல மனிதருக்குத் தெரிந்திருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வேலையை விட்டுவிட்டு அவளுக்கு ஏற்றம் இறக்கத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து சாரதாமணியின் மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

போதுங்க. போங்க. நடுவில் ஒரே ஒரு எழுத்து. அன்றைக்கு அவர் காதில் விழுந்தது எது?

புருசனிடம் 'நில்லு' என்று சொல்லிப் பழகாத நாக்கு அவளுடையது. ங்க போடாமல் அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவர் பேரையும் சொன்னதில்லை. காலம் மாறிவிட்டது, அவள் கம்பெனியில் தைக்கிற பெண்பிள்ளைகள் கட்டினவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள். ஆனால் அவளுக்கு வரவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் பேரைக் கேட்டபோதுகூட, வாயைத் திறக்காமல் ஆதார் கார்டைத்தான் நீட்டினாள்.

முதல் முடக்கு தாண்டியது. இரண்டாவது முடக்குக்கு முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். குழிந்த தடத்தில் இடது சக்கரம் இறங்கியது. ஜீப் ஒருபக்கம் சாய்ந்து, கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, என்ஜின் உதறி நின்றுபோனது.

பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் உருளவில்லை, சரளையில் வழுக்கின. வண்டி பின்னோக்கிச் சரிந்தது. அரை முழம். ஒரு முழம்.

டொக்.

பின்சக்கரம் எதன் மேலோ முட்டி நின்றது.

சாரதாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வண்டிக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ஓடி வந்தவர் வாங்குகிற மூச்சு. ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் மெல்லிய விசில்.

அந்த விசில் அவளுக்குத் தெரியும்.

இருபது வருடம் பஞ்சுத்தூசியில் நின்றவருடைய நெஞ்சு அது. பதினெட்டு வருடம் அவள் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது இருக்கும் என்றும் பயம், இருக்காது என்றும் பயம். நூருல்லா சொன்னதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்: "ஏத்தத்துல ரெண்டு மனசு கூடாதுங்க அம்மிணி." முருகா என்று சாவியைத் திருகினாள். என்ஜின் பிடித்தது. ஜீப் குழியிலிருந்து எக்கி வெளியே வந்தது.

கண்ணாடியில் புழுதி மட்டும் தெரிந்தது. புழுதிக்குள் செருப்புச் சத்தம். சளக், சளக், சளக் என்று கனமான எதையோ தூக்கிக்கொண்டு ஓடி வருகிற சத்தம். அவள் வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்தது. அவள் தணித்தால் அதுவும் தணிந்தது.

'என்ன வேணுமுங்க உங்களுக்கு' என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? நீதானே போகச் சொன்னே என்று அந்த மூச்சு சொல்லிவிட்டால்?

ஓணான் முடக்குக்கு வந்தபோது மேகம் வந்து சேர்ந்துவிட்டது.

பகல் மூன்று மணிக்குக் கரடு இருண்டது. புழுதிக்காற்று சுழன்று எழும்பி, கண்ணாடிக்கு வெளியே ஒரு செம்மண் படுதாவைத் தொங்கவிட்டது. கீழே காற்றாலைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. சூடான மண்ணில் எழும் மணத்தோடு இன்னொரு வாசனையும் வந்தது. புதுத் துணியின் வாசனை. மூட்டை பிரித்ததும் மூக்கில் ஏறும் பனியன் துணி வாசனை.

சாரதாமணி வண்டியை நிறுத்தி பிரேக்கிலும் கிளட்சிலும் கால்களை அழுத்திக்கொண்டாள். முன்னால் பானெட், அதற்கப்பால் ஒன்றுமில்லை. இறங்கிப் போய் விளிம்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கால் நகரவில்லை.

அப்போது என்ஜின் சத்தம் இரண்டாகக் கேட்டது.

ஒன்று அவளுடையது. இன்னொன்று அதற்கும் முன்னால், புழுதிக்குள், விளிம்புப் பக்கம். அதே ஜீப். சைலன்சரில் ஓட்டை விழுந்திருந்த காலத்துச் சத்தம். நூருல்லா அதை மாற்றி ஒன்றரை வருடமாகிறது.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. விசில் மூச்சு நின்றது.

ஒரு பெண் குரல் கத்தியது.

"போங்க... போங்க..."

அது சாரதாமணியின் குரல்.

மழையில் நனைந்து, பாதியைக் காற்று பிய்த்துக்கொண்டு போன, இரண்டு வருடத்துக்கு முந்தின அவளுடைய குரல். அவள் அதை உள்ளிருந்து மட்டுமே கேட்டிருக்கிறாள். இப்போதுதான் முதல் முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்கிறாள். அவர் கேட்ட இடத்திலிருந்து. அவர் கேட்ட மாதிரியே.

ஸ்டியரிங்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். இரண்டு வருடம் அவள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"போங்க!"

து இல்லை.

எங்கேயும் இல்லை. மழை தின்றுவிட்டதா, என்ஜின் தின்றுவிட்டதா, அவசரத்தில் அவள் நாக்கே தின்றுவிட்டதா, தெரியவில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு வந்து சேர்ந்தது அந்தச் சொல்தான். அவர் அவளை நம்பிப் போனார்.

அழுகைகூட வரவில்லை. கால்கள் மட்டும் தளர்ந்து பிரேக்கையும் கிளட்சையும் விட்டன. லோ கியரில் ஜீப் ஆக்சிலரேட்டர் இல்லாமலே தானாக ஊரும். அது ஊர்ந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. முன்னால் புழுதிக்குள் அந்த இன்னொரு என்ஜின் உறுமி விளிம்பை நோக்கி நகர்வதுதான் அவளுக்குக் கேட்டது. மறுபடியும் போகிறார். இன்றைக்கும் போகிறார். எத்தனை நாளாக இந்த முடக்கில் இப்படியே போய்க்கொண்டிருக்கிறாரோ.

"நில்லு!"

அவள் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"நில்லு! தரணீதரா, நில்லு! போகாதே, நில்லு!"

டொக்.

முன்சக்கரம் எதன் மேலோ முட்டியது. ஜீப் குலுங்கி, உதறி, என்ஜின் நின்றது. அதே நொடியில் இன்னொரு என்ஜினும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பக்கத்து சீட்டில், அவள் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, மிக மெதுவாக ஒரு குரல்.

"நின்னுட்டேன் மணி."

அவள் திரும்பினாள். சீட்டு காலியாக இருந்தது. ரெக்ஸின் மேல் உட்கார்ந்து எழுந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்து அழுதாளோ தெரியாது. மழை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை, வந்த மாதிரியே போய்விட்டது. புழுதி அடங்கி வெளிச்சம் வந்ததும் இறங்கி முன்னால் போனாள். சக்கரத்துக்கு அப்பால் இரண்டே முழம் பாறை. அதற்கப்பால் ஆகாயம். சக்கரம் முட்டி நின்ற இடத்தில் ஒரு பெரிய கல் இருந்தது. கல்லைச் சுற்றித் துணி. இரட்டை முடிச்சு.

பழைய துணி இல்லை. இளம்பச்சை. கைக்குழந்தைகளுக்கான பனியனுக்கு வந்த துணி. இந்த வாரம் திங்கட்கிழமைதான் அந்த ரோல் சாயப்பட்டறையிலிருந்து கம்பெனிக்கு வந்து இறங்கியது.

அவள் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டாள். அவிழ்க்கவில்லை.

உச்சியில் அப்புசாமி கோயில் நடையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க அம்மிணி, வாங்க. இந்த மழையில நீங்களேவா ஏறிட்டீங்க? எனக்கு உசுரே இல்லீங்க." பிறகு ஜீப்புக்குப் பின்னால் தடத்தைப் பார்த்தார். "இன்னொரு வண்டி எங்கீங்க?"

"எந்த வண்டிங்க?"

"ரெண்டு வண்டி ஏறுற சத்தம் கேட்டுச்சுங்களே. ஆரோ நில்லு நில்லுன்னு கத்துனாங்க. அப்பறம் ரெண்டும் அமந்து போச்சு."

சாரதாமணி கேன்களின் கயிற்றை அவிழ்த்தாள். அப்புசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தொட்டியின் அடியில் மழைத் தண்ணீர் ஒரு விரற்கடை நின்றது. அதன் மேல் எட்டு கேனையும் கவிழ்த்தார்கள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு முதலில் ஒரு மயில் பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. அவை குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாமி கும்பிட்டாள். தனக்காக அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த முடக்கில் நிற்கிறவருக்குக் கால் வலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

இறங்கி வரும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை விளையாட வருகிறவர்களும் அம்மா பெற்ற பிள்ளைகள்தானே. அவர்களுக்கும் ஆகட்டும்.

அடிவாரத்தில் ஹப்பைத் திறக்க இறங்கியவள், பின்சக்கரத்தைப் போய்ப் பார்த்தாள். கல் இல்லை. குனிந்து மறுபக்கமும் பார்த்தாள். அங்கேயும் இல்லை. நிம்மதி அடைய வேண்டியவள், வேலமரத்தடியில் உட்கார்ந்து, அவரை மேலேயே தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டவள் போல விம்மி விம்மி அழுதாள்.

அதற்கப்புறம் அவள் எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. மூன்றாவது முடக்குக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கி, "வந்துட்டேனுங்க" என்பாள். விளிம்பில் கல் இருக்கும். துணி மாறியிருக்கும். கம்பெனியில் தவிட்டு நிறம் ஓடிய வாரம் தவிட்டு நிறம். கத்தரிப்பூ நிறம் ஓடிய வாரம் கத்தரிப்பூ. ஒருநாள் மகுடேஸ்வரன் அடுக்கி விரித்த துணியின் ஓரத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"பாருங்க்கா, கத்திரி வெக்கலே, கையில கிழிச்சிருக்காங்க. கேட்டா ஒருத்தனும் வாயைத் தெறக்க மாட்டேங்கறான். வாராவாரம் இதே தொந்தரவு. ஓரமெல்லாம் செம்மண்ணு வேற."

"உட்டுரு மகுடேசு" என்றாள். "ஆராவது நல்ல காரியத்துக்கு எடுத்திருப்பாங்க."

வைகாசி கடைசியில் ஆர்டர் இல்லாமல் கம்பெனியை ஒரு வாரம் மூட வேண்டி வந்தது. ரோல்களெல்லாம் போய்விட்டன. கட்டிங் டேபிள் வெறுமனே கிடந்தது. அவள்தான் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். கல்யாணமாகிப் பத்தாவது வருடம் அவர் எடுத்துக்கொடுத்த மயில்கழுத்து நிறச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவர் போன பின்பு முதல் தடவையாகக் கட்டிக்கொண்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு கரட்டில் ஏறினாள். வழியில் எங்கும் இறங்கவில்லை, யாரும் கையைக் காட்டவில்லை. வூப், வூப் என்று காற்றாலைகள் மட்டும் சுற்றின.

'இன்னைக்குத் துணிக்கு எங்கே போவீங்க?' என்று மனதுக்குள் கேலி பேசிக்கொண்டேதான் ஓணான் முடக்கில் திரும்பினாள்.

விளிம்பில் கல் இருந்தது. கல்லில் மயில்கழுத்து நிறம். இரட்டை முடிச்சு.

ஜீப்பை நிறுத்தினாள். இடுப்பில் செருகிய முந்தானையை மெதுவாக உருவி எடுத்தாள். ஓரத்தில் ஒரு கையகலத்துக்குத் துணி இல்லை.

கிழிந்த இடத்தில் நூல் இன்னும் பிரிந்துகொண்டிருந்தது.